ஒரு பல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று விலை: இம்பிளான்ட் செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

நெடுவழி:
கீழ்த்தாடையில் இடது பக்க முதல் கடைவாய்ப்பல் போய் நான்கு மாதம் ஆகிறது. வேர் சிகிச்சை செய்த பல்தான், கேப் போடச் சொல்லியும் போடாமல் நாள் கடத்தினேன், ஒருநாள் கடிக்கும்போது நடுவில் பிளந்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் வைக்கலாம் என்று மூன்று இடத்தில் விசாரித்தேன். முதல் இடத்தில் ஒரே தொகையாகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் அதில் சரிபாதி. மூன்றாவது இடத்தில் இரண்டுக்கும் நடுவில், ஆனால் "எலும்பு மெலிந்திருக்கலாம், ஒட்டு போட வேண்டி வந்தால் அது தனி" என்றார்கள். தொகையை இங்கே எழுதவில்லை, நாம் எல்லோரும் வேறு வேறு நாட்டில் இருக்கிறோம், விகிதம் தெரிந்தால் போதும்.

சேர்த்து வைத்த பணம் இருக்கிறது, ஆனால் இதை ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். பாதி விலைக்குச் செய்கிறவர் எங்கே மிச்சம் பிடிக்கிறார்? முழு விலை சொல்கிறவர் எதற்கு வாங்குகிறார்? வைத்துக்கொண்டவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
பாதி விலை எதற்கு என்று கேட்டீர்களா? என் கணவருக்கும் இப்படித்தான் ஓரிடத்தில் மலிவாகச் சொன்னார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது எலும்புக்குள் போகும் ஸ்க்ரூவுக்கு மட்டுமான விலை. மேலே வைக்கும் பல் தனி, நடுவில் இணைக்கும் துண்டு தனி, ஸ்கேன் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான்.

நெடுவழி:
கேட்கவில்லை. "இம்பிளான்ட் எவ்வளவு" என்றுதான் கேட்டேன், அவர்களும் இம்பிளான்ட்டுக்குத்தான் சொல்லியிருப்பார்கள் போல. நாளை போன் செய்து கேட்கிறேன்.

பல்வைத்தியன்:
நான் பல் மருத்துவன், இம்பிளான்ட்டும் வைக்கிறேன், அதனால் என் பேச்சில் ஒரு சார்பு இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தேன்சிட்டு சொன்னது சரி. இதில் மூன்று பாகம் உண்டு. தாடை எலும்புக்குள் வேர் மாதிரி உட்காருவது இம்பிளான்ட், பெரும்பாலும் டைட்டானியம். அதன் மேல் ஈறு வழியாக வெளியே வருவது அபட்மென்ட். அதன் மேல் கடிக்கிற பல், அதாவது கிரவுன். இந்த மூன்றும், அறுவையும், ஸ்கேனும், ஈறு ஆறும்வரை போடும் மூடியும், பிறகு வந்து காட்டும் பரிசோதனைகளும் சேர்ந்ததுதான் உண்மையான செலவு. யாரிடம் போனாலும் "இந்த இடத்தில் பல் உட்கார்ந்து நான் கடிக்கிற நாள்வரை மொத்தம் எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதோடு இன்னொரு கேள்வி: இம்பிளான்ட் எலும்போடு ஒட்டாமல் போனால் மறுபடி வைப்பதற்கு யார் பணம் கட்டுவது? கம்பெனி வாரன்டி என்று சொல்வது பெரும்பாலும் அந்த உலோகத் துண்டுக்கு மட்டும்தான், மருத்துவரின் கூலிக்கும் புதுக் கிரவுனுக்கும் அல்ல. நன்றாகச் செய்கிறவர்கள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்வார்கள்.

அப்புறம் செலவு எங்கே நியாயமாகக் குறையும் என்பது. முதலில் காலம். பல்லை எடுத்த பிறகு அந்த இடத்து எலும்பு சும்மா இருப்பதில்லை, கரைந்துகொண்டே போகும். கடைவாய்ப் பகுதியில் ஒரு வருடத்தில் அகலத்தில் ஏறக்குறைய பாதிவரை போகலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். எலும்பு போதவில்லையென்றால் ஒட்டு போட வேண்டும், அதாவது எலும்புப் பொருளை வைத்து அந்த இடத்தை வளர்க்க வேண்டும், அது தனி அறுவை, தனிச் செலவு, இன்னும் சில மாதக் காத்திருப்பு. ஆகவே இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பல் எடுக்கும் தேதி குறித்திருந்தால், எடுப்பதற்கு முன்பே "இங்கே பிறகு என்ன வைக்கப் போகிறோம்" என்று கேட்டுவிடுங்கள். நெடுவழி, உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது, ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஆனால் இன்னும் இரண்டு வருடம் யோசிக்கிற விஷயமும் அல்ல.

இரண்டாவது, எத்தனை இம்பிளான்ட் என்பது. வரிசையாக மூன்று பல் இல்லையென்றால் மூன்று இம்பிளான்ட் வேண்டும் என்பதில்லை, இரண்டு வைத்து நடுவில் பாலம் மாதிரிக் கட்டிவிடலாம். மூன்றாவது, எலும்பு உயரம் குறைவாக இருக்கும் கடைவாய்ப் பகுதியில் பெரிய ஒட்டு வேலைக்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை இம்பிளான்ட் போதுமா என்று கேட்கலாம். எல்லாருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவர்களுக்கு ஓர் அறுவையும் பல மாதமும் மிச்சம். நான்காவது, வைக்கும்போது இம்பிளான்ட் இறுக்கமாக நின்றால், ஈறை மூடித் தைத்து மறுபடி திறப்பதற்குப் பதிலாக, ஆறும் மூடியை அன்றைக்கே போட்டுவிடலாம், இரண்டாவது தடவை கீறுவது மிச்சமாகும்.

இவை எல்லாம் திட்டம் போடும்போதே வருகிற மிச்சம். ஸ்கேனை விடுவது, ஈறு நோயை முதலில் சரி செய்யாமல் வைப்பது, பெயர் தெரியாத இம்பிளான்ட் வைப்பது, இவற்றில் மிச்சம் பிடித்தால் அது கடனாகத் திரும்பி வரும்.

கணக்குப்புலி:
ஸ்கேன் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பல்லுக்கு எதற்கு முப்பரிமாண ஸ்கேன்? என் மாமாவுக்குச் சாதாரண எக்ஸ்ரே பார்த்துத்தான் வைத்தார்கள், பதினைந்து வருடமாக நன்றாக இருக்கிறது. இப்போது எங்கே போனாலும் முதலில் ஸ்கேன், ஒவ்வோர் இடத்திலும் புதிதாக ஸ்கேன். சொந்தமாக மெஷின் வாங்கி வைத்திருப்பவர்கள் அதற்கான தவணையை நம்மிடம் வசூலிக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பல்வைத்தியன்:
உங்கள் மாமாவுக்கு நன்றாக இருப்பதில் சந்தோஷம். அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தோம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நெடுவழியின் இடம் கீழ்த்தாடைக் கடைவாய். அதற்குக் கீழே எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். இம்பிளான்ட்டின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் நடுவில் குறைந்தது 2 மில்லிமீட்டர் விடுவோம். சாதாரண முழுவாய் எக்ஸ்ரேயில் படம் பெரிதாகித் தெரியும், எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். எலும்பின் அகலம் அதில் தெரியவே தெரியாது. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்பிளான்ட் வைக்க எலும்பு சுமார் 7 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நிம்மதி. அதை விரலால் தடவிச் சொல்ல முடியாது, ஏனென்றால் விரலுக்குக் கிடைப்பது ஈறும் சேர்ந்த அகலம். நரம்பு அடிபட்டால் உதடு மரத்துப்போய் மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே, அப்படியே இருந்துவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் புது ஸ்கேன் எடுக்கிறார்கள் என்ற உங்கள் கோபம் நியாயமானது. சி.பி.சி.டி என்கிற அந்த ஸ்கேனை ஒரு தடவை எடுத்தால் போதும். பிரின்ட் மட்டும் வாங்கி வராமல் கம்ப்யூட்டரில் திறந்து அளக்கக்கூடிய டைகாம் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள், பென் டிரைவில் போட்டுத் தருவார்கள். ஒரு பல்லுக்கு என்றால் அந்தப் பகுதியை மட்டும் எடுக்கும் சின்ன அளவு ஸ்கேன் கேளுங்கள், கதிர்வீச்சும் குறைவு, பல இடங்களில் செலவும் குறைவு. அந்தக் கோப்பை மூன்று மருத்துவரிடமும் காட்டுங்கள். நெடுவழி, "எலும்பு மெலிந்திருக்கலாம்" என்று சொன்னவரும் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொன்னவரும் இருவருமே இப்போது ஊகத்தில்தான் பேசுகிறார்கள்.

கணக்குப்புலி:
கோப்பை நாமே கேட்டு வாங்கலாம் என்பது எனக்குத் தெரியாது. இதற்கு நன்றி. நரம்பு விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஈரநிலம்:
என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்பட்டால் சரி. ஆறு வருடம் முன்பு வேலை விஷயமாக வெளியூரில் இருந்தபோது ஓரிடத்தில் சலுகை விலையில் மேல் கடைவாயில் ஓர் இம்பிளான்ட் வைத்துக்கொண்டேன். வலி இல்லை, நன்றாகத்தான் இருந்தது. போன வருடம் கிரவுன் லேசாக ஆட ஆரம்பித்தது. இப்போது இருக்கும் ஊரில் காட்டினால், உள்ளே இருக்கும் இணைப்பு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும், ஆனால் இது எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. வைத்த இடத்துக்குப் போன் செய்தால் அந்த எண்ணே இல்லை. ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவுக்கும் தலை வேறு, திருகும் கருவி வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு மூன்று பேர் யூகித்தார்கள், இரண்டு கருவி வரவழைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அதற்குள் அந்தச் சின்ன ஸ்க்ரூ உள்ளேயே முறிந்துவிட்டது. கடைசியில் எலும்போடு நன்றாக ஒட்டியிருந்த இம்பிளான்ட்டையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த இடத்தில் எலும்பு பள்ளமாகிவிட்டது, ஒட்டு போட்டு ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன்.

நான் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு இதுவரை போய்விட்டது. வைத்துக்கொள்கிறவர்கள் தயவுசெய்து கம்பெனி, மாடல், தடிமன், நீளம், லாட் எண் இவ்வளவும் எழுதி வாங்குங்கள். பெட்டியோடு ஒரு ஸ்டிக்கர் வருமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மெழுகுவார்ப்பு:
பல் செய்யும் லேபில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஈரநிலம் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, இந்த மாதிரி வாரத்துக்கு ஒன்றாவது எங்கள் மேசைக்கு வரும்.

விலை உயர்ந்த கம்பெனிதான் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். நடுத்தர விலையில் நல்ல இம்பிளான்ட்கள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது அந்தக் கம்பெனி எத்தனை வருடமாக இருக்கிறது, உங்கள் ஊரை விட்டுப் போனாலும் அதன் உதிரிபாகம் கிடைக்குமா என்பதுதான். இம்பிளான்ட் ஒரு கம்பெனி, அபட்மென்ட் "அதற்குப் பொருந்தும்" என்று சொல்லும் வேறொரு கம்பெனி, இப்படி விலையைக் குறைப்பது நடக்கிறது. எல்லாம் மோசம் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலே ஸ்க்ரூ தளரும், அடிக்கடி தளர்ந்தால் முறியும். அசல் கம்பெனியின் வாரன்டியும் அத்தோடு போய்விடும். உங்கள் மருத்துவரிடம் "அபட்மென்ட்டும் அதே கம்பெனியா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. கிரவுனைச் சிமென்ட் வைத்து ஒட்டலாம், அல்லது நேராக ஸ்க்ரூ போட்டு மாட்டலாம். ஒட்டும்போது சிமென்ட் ஈறுக்கடியில் வழிந்து தங்கிவிட்டால் அங்கே வீக்கம் வந்து எலும்பையே தின்ன ஆரம்பிக்கும். ஸ்க்ரூ மாட்டுகிற வகையில் நடுவில் ஒரு துளை இருக்கும், அதைப் பல் நிறத்திலேயே அடைத்துவிடுவோம், என்றைக்காவது தளர்ந்தால் அந்த அடைப்பை எடுத்து இறுக்கிவிட்டு மறுபடி மூடலாம், கிரவுனை உடைக்க வேண்டாம். கடைவாய்க்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். பின்பல்லுக்கு முன்பல் மாதிரி அடுக்கடுக்காக நிறம் ஏற்றிய விலை உயர்ந்த கிரவுனும் தேவையில்லை, ஒரே துண்டாகக் கடைந்த ஜிர்கோனியா என்கிற உறுதியான பீங்கான் போதும், எளிதில் சில்லு தெறிக்காது, விலையும் குறைவு. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது.

தேன்சிட்டு:
இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என் அம்மாவுக்கு வயது 71, ஒரு பல்லும் இல்லை. மேல் பல்செட் நன்றாக நிற்கிறது, கீழ்ச் செட் பேசினாலே எழும்பி வருகிறது. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு ஈறாலேயே மெல்லுகிறார், யாராவது வந்தால்தான் மாட்டிக்கொள்கிறார். ஓரிடத்தில் மேலும் கீழும் நிலையாகப் பல் கட்ட இத்தனை இம்பிளான்ட் என்று ஒரு தொகை சொன்னார்கள், எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அவருக்கு எலும்பு தேய்மானத்துக்கு ஊசி போடுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல்வைத்தியன்:
அம்மாவுக்கு மேலே ஒன்றும் செய்ய வேண்டாம், நன்றாக நிற்கிறது என்கிறீர்கள். கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே இம்பிளான்ட் வைத்து, அவற்றின் தலையில் பட்டன் மாதிரி ஒரு பிடிப்பு வைத்து, பல்செட்டை அதில் அழுத்தி மாட்டும்படி செய்யலாம். இது ஏழைகளுக்கான மட்டமான வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சையே இந்த இரண்டு இம்பிளான்ட் பல்செட்தான் என்று சொன்னார்கள். கழற்றிக் கழுவலாம், வயதானவர்களுக்கு அது ஒரு வசதி. இப்போது இருக்கும் செட் நல்ல நிலையில் இருந்தால் சிலருக்கு அதிலேயே பிடிப்பைப் பொருத்திவிடலாம், புதுச் செட் செலவும் மிச்சம். பிடிப்பில் இருக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு.

நிலையாகத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, ஒரு தாடைக்கு நான்கே இம்பிளான்ட், பின்னால் இரண்டைச் சாய்த்து வைக்கும் முறை இருக்கிறது, போர்ச்சுகலின் பல் மருத்துவர் பாலோ மாலோ பரவலாக்கியது. எட்டு, பத்து என்று வைப்பதைவிடக் குறைவு, பெரிய ஒட்டு வேலையும் பலருக்குத் தேவைப்படாது. உங்கள் அம்மாவுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த ஊசி. இது முக்கியம். எலும்பு தேய்மானத்துக்குப் போடும் சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறுவது பாதிக்கப்படலாம், எலும்பே பட்டுப்போகிற நிலைகூட அபூர்வமாக வரும். வைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. மருந்தின் பெயர், எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது என்று எழுதிக்கொண்டு போங்கள், ஊசி போடும் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசிக்கொள்ளட்டும். நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள், சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு.

தேன்சிட்டு:
இரண்டே இரண்டு என்று யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை டாக்டர். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அப்போ முறுக்கு கடிக்கலாமா" என்று கேட்டார். மருந்துச் சீட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

கணக்குப்புலி:
எல்லாரும் எப்படி வைப்பது என்றே பேசுகிறீர்கள். வைக்காமலே விட்டால் என்ன? அல்லது பிரிட்ஜ்? அது உடனே முடிந்துவிடுமே, செலவும் குறைவு.

பல்வைத்தியன்:
நல்ல கேள்வி. நெதர்லாந்தின் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் கைசர் என்பவர் 1980களிலேயே எழுதினார், முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் ஒழுங்காகச் சேர்ந்து கடித்தாலே நிறையப் பேருக்குப் போதும் என்று. கடைசிக் கடைவாய் இல்லை என்று வருகிறவர்களிடம் நான் பலமுறை, விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அங்கே துலக்குவதும் கஷ்டம், பலனும் குறைவு. முதல் கடைவாய் வேறு விஷயம், மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதற்கு, பின்னால் இருக்கும் பல் காலியான இடத்தை நோக்கிச் சாயலாம், எதிர்ப்பல் கீழே இறங்கி வரலாம்.

பிரிட்ஜ் என்றால் இருபக்கப் பல்லையும் இழைத்து, அவற்றின் மேல் நடுப்பல்லையும் சேர்த்துப் பாலம் மாதிரி மாட்ட வேண்டும். அந்தப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ்தான் கெட்டிக்காரத்தனம். இரண்டும் முழு ஆரோக்கியமாக இருந்தால் ஒரு பல் செலவை மிச்சம் பிடிக்க இரண்டு நல்ல பல்லைக் கொடுக்கிறோம்.

காத்திருப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவீடனின் ஆராய்ச்சியாளர் பிரோனெமார்க் முயல் எலும்பில் ஒரு டைட்டானியக் கருவியை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார், முடிந்ததும் எடுக்கப் போனால் எலும்பு அதை விடவில்லை. 1965இல் முதல் மனிதருக்கு டைட்டானிய இம்பிளான்ட் வைத்தார், அந்த மனிதர் இறக்கும்வரை நாற்பது வருடம் அது வேலை செய்தது. எலும்பு அப்படிப் பிடிக்கத்தான் மாதங்கள் எடுக்கிறது, கீழ்த்தாடைக்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதம், மேல்தாடைக்குக் கொஞ்சம் கூடுதலாக. "ஒரே நாளில் பல்" என்பது சரியான ஆளுக்குச் செய்யலாம்தான், வைக்கும்போது இறுக்கம் நன்றாகக் கிடைக்க வேண்டும். பின்பக்கத்து ஒற்றைப் பல்லுக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை, அந்த இடைவெளி சிரிக்கும்போதுகூடத் தெரியாது.

நெடுவழி, புகை பிடிப்பீர்களா? சர்க்கரை உண்டா? ஈறில் ரத்தம் வருமா?

நெடுவழி:
புகை ஒரு நாளைக்கு ஐந்தாறு. சர்க்கரை இல்லை. துலக்கும்போது ரத்தம் வரும், அது எப்போதும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன். இருபக்கப் பல்லும் நல்ல பல்.

பல்வைத்தியன்:
அப்படியென்றால் உங்கள் முதல் செலவு ஈறு சுத்தம்தான், அது இம்பிளான்ட் செலவில் ஒரு சின்னத் துண்டு. இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது, ஈறு நோய் வரும். அதற்கு நரம்பு இல்லாததால் பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது, எலும்பின் பிடிப்பு முழுவதும் போன பிறகுதான் ஆட்டம் தெரியும். புகை அதை இன்னும் வேகப்படுத்தும், எலும்பு ஒட்டாமல் போகிற வாய்ப்பையும் கூட்டும். முழுவதும் நிறுத்த முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரமாவது தொடாதீர்கள்.

நெடுவழி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஈறு சுத்தம் முடிந்தது, ரத்தம் நின்றுவிட்டது, இவ்வளவு வருடமாக இதை விட்டுவைத்திருந்தோமே என்றிருக்கிறது. சிகரெட் பத்தொன்பது நாளாக இல்லை.

சின்ன அளவு ஸ்கேன் எடுத்துக் கோப்பாகவே வாங்கினேன், முதலில் தயங்கினார்கள், கேட்டதும் கொடுத்தார்கள். எலும்பு அகலம் 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, நரம்புக்கு மேல் நல்ல உயரமும் இருக்கிறது. ஒட்டு வேண்டியிருக்கலாம் என்று சொன்ன மூன்றாவது மருத்துவரே கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, தேவையில்லை என்று சொல்லிவிட்டார். பாதி விலை சொன்ன இடத்தில் அபட்மென்ட், கிரவுன், மூடி எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொன்னேன், அது முதல் இடத்துத் தொகைக்குக் கொஞ்சம்தான் கீழே வந்தது, கம்பெனி பெயரையும் "நல்ல கம்பெனிதான்" என்பதைத் தாண்டிச் சொல்லவில்லை. மூன்றாவது மருத்துவர் கம்பெனி பெயரை எழுதினார், அபட்மென்ட்டும் அதே கம்பெனி, ஸ்க்ரூ மாட்டுகிற ஜிர்கோனியா, ஒரு வருடத்துக்குள் ஒட்டாமல் போனால் மறுபடி வைக்கக் கூலி வாங்க மாட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றில் கடைசியில் அதுதான் குறைந்த தொகையாகவும் ஆகியிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை வைக்கிறார்கள்.

ஈரநிலம்:
வியாழக்கிழமை கிளம்புவதற்கு முன் அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். வலி குறைந்ததும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.